எட்டடிக்கு ஆறடி

லாரியிலிருந்து ஏழாம் நம்பர் பலகை இறங்கும்போதுதான் அழகிரி அந்தக் காலடியைப் பார்த்தார்.

பலகை என்றால் மரப்பலகை அல்ல. கம்பி கட்டி, சிமெண்டு ஊற்றி, தரையில் படுக்கப் போட்டு வார்த்து, காய்ந்ததும் தோசையைப் போலத் தூக்கி எடுத்த முழுச்சுவர். ஜன்னல் ஓட்டையும் கதவு நிலையும் அதிலேயே சேர்ந்து வந்துவிடும். முதுகில் சிவப்புப் பெயிண்டில் நம்பர் இருக்கும். நம்பர் பார்த்து நிறுத்தி, போல்ட் போட்டு முடுக்கினால் வீடு. கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வேலையில் இந்த வித்தையைக் கற்றுக்கொண்ட பாக்கியநாதன், இப்போது புத்தூரில் சொந்தமாகப் பட்டறை போட்டு, வசதியுள்ளவர்களுக்கு வீடு வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். “ரெண்டே நாள் சார். இன்னைக்குக் காலையில வெறும் மனை, நாளைக்குச் சாயந்தரம் வீடு” என்பது அவன் வாய்ப்பாடு. பெரிய கடைவீதியில் இருபது வருஷமாக இரும்புக்கடை நடத்துகிற அழகிரிக்கு, சாமான் மாதிரி வீட்டையும் இறக்கிவிடலாம் என்ற எண்ணமே பிடித்துப்போனது. போல்ட்டும் தன் கடைச் சரக்குதான்.

அரியமங்கலம் தாண்டி, ரோட்டை ஒட்டிய மனை. வைகாசி வெயிலையும் பொருட்படுத்தாமல் ஒரு சின்னத் திருவிழாக் கூட்டம் கூடியிருந்தது. கடலை விற்கிறவன்கூட வண்டியை நிறுத்திவிட்டான்.

“ஏம்ப்பா, இது வீடு கட்டுறாங்களா, பந்தல் போடுறாங்களா?”

“பந்தல்தான். மொதலாளி பெரிசு, பந்தலும் பெரிசு.”

“ஆடி மாசம் காத்தடிச்சா தஞ்சாவூர்ல போய்த் தேடணும்.”

வேறொரு நாளாக இருந்தால், சொன்னவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவனுக்கே ஒரு வீடு விற்றிருப்பார் அழகிரி. இன்று காதில் விழவில்லை. மூன்று கால் நட்டுக் கட்டியிருந்த கப்பியில் சங்கிலி கடகடவென்று ஏற, ஏழாம் நம்பர் படுக்கையிலிருந்து மெள்ள எழுந்து, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்பக்கத்தை அவருக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்பு வரை காலடிகள். ஈரச் சிமெண்டில் யாரோ நடந்திருக்கிறார்கள். அதில் அதிசயம் இல்லை. பட்டறை என்றால் நாயும் நடக்கும், கோழியும் நடக்கும். ஆனால் இது நடை இல்லை. ஒரு காலின் விரலை ஒட்டி மறு காலின் குதிகால், அதன் விரலை ஒட்டி அடுத்த குதிகால், இடைவெளி ஒரு நூல்கூட இல்லாமல். இடத்தை அளக்கிறவர்கள் வைக்கிற அடி. பலகை இப்போது நெட்டுக்குத்தாக நின்றதால், அளந்தவர் சுவரில் நேராக மேலே ஏறிப் போன மாதிரி இருந்தது.

இடது கால் அச்சுகளில் நாலு விரல்தான் இருந்தது. இரண்டாவது விரலைச் சுற்றி மெட்டியின் பள்ளம்.

அந்தச் சுண்டுவிரலை எடுத்தவர் அழகிரிதான். ஆறு வயதில், ஊர்க்கடையில் இரும்பு எடைக்கல்லைத் தூக்கி விளையாடும்போது கைநழுவி விட்டார். அக்கா வேலம்மாளுக்கு அப்போது பதினெட்டு. அம்மா இல்லாத வீட்டில் அவள்தான் அம்மா. ரத்தத்தைத் துணியால் சுற்றிக்கொண்டே சிரித்தாள்: “போனாப் போகுது தம்பி. நடக்க நாலு போதும்.”

அவளுடைய வியாபாரம் எப்போதும் அப்படித்தான். கேட்கிற விலைக்கும் கீழேயே ஒத்துக்கொள்கிறவள்.

அவள் புருஷன் பர்மாவுக்குக் கப்பல் ஏறியவன், யுத்தத்தோடு தகவல் இல்லை. செத்தான் என்று சொல்ல ஆளில்லாததால் தாலியும் மெட்டியும் அவள் உடம்பில் நின்றன. மருங்காபுரியில் ஒரு ஓலை வீட்டில் நாலு ஆடுகளோடு காலத்தை ஓட்டினாள். தன் பங்கு நிலத்தை விற்றுத்தான் தம்பிக்குக் கடை வைத்துக் கொடுத்தாள். அதற்கு ஈடாக அவள் ஒன்றும் கேட்கவில்லை. புது வீடு என்று பேச்சு வந்தபோது அழகிரியே வாய்விட்டுச் சொன்னார்: “பின்னாடி உனக்குன்னு ஒரு ரூம் அக்கா. இனிமே நீ இங்கதான்.”

தை மாதம் கடைக்கு வந்தாள். பாக்கியநாதன் நீலத்தாளை விரித்துக் காட்ட, அந்தச் சின்னக் கட்டத்தின் மேல் விரல் வைத்து, “இது எனக்கா?” என்று மூன்று முறை கேட்டாள். பிறகு ஆணி மூட்டைகளுக்கு நடுவே, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதிகாலோடு விரல் சேர்த்து அடி வைத்து அளந்தாள். “ஒண்ணு... ரெண்டு... எட்டடிக்கு ஆறடி போதும் தம்பி. பாய் விரிக்க, விளக்கு வைக்க. நான் சின்னதாத்தானே இருக்கேன்.” முட்டி வலிக்கு அவள் தடவுகிற விளக்கெண்ணெய் வாசனை கடையில் அன்று முழுக்க நின்றது.

மாசியில் ஸ்ரீரங்கத்திலிருந்து மகள் குழலிக்கு வரன் வந்தது. ஜவுளிக்கடைக் குடும்பம், காரில் வருகிறவர்கள். கார் வந்து நிற்க முகப்பு இல்லாத வீடு என்ன வீடு? அழகிரி பாக்கியநாதனைக் கூப்பிட்டார். அரைமணி நேரப் பேச்சு. முடிவில் பின்னறையை அடித்துவிட்டு, அதே கணக்கில் ஒரு முகப்பு எழுதப்பட்டது. நல்ல பேரம் என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

பங்குனியில் அக்கா வந்துவிட்டாள். ஆடுகளை விற்று, ஓலை வீட்டை ஒப்படைத்து, ஒரு தகரப்பெட்டியோடு. கடை வாசலிலேயே வைத்துச் சொன்னார்: “பிளான் மாறிப்போச்சு அக்கா. இப்ப வீட்டுல இடம் இல்ல. பின்னாடி பார்ப்போம்.” அவள் கொஞ்சநேரம் பெட்டியைப் பார்த்தாள். “மூலை இருந்தாக்கூடப் போதும் தம்பி” என்றாள். அவர் வாடிக்கையாளரைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டார். மதியம் பஸ் ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பும்போது ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பன்தான் இப்போதும் தொண்டையில் நிற்கிறது.

சித்திரை கடைசியில் கார்டு வந்தது, மூலையில் கரி தடவி. ஊர்க்காரர் மூக்கன் எழுதியிருந்தார். வீட்டைக் காலி பண்ணிய வேலம்மாள் ஒரு மாதமாக மண்டபத்தில் தங்கியிருந்தாள், சித்திரை இருபத்தாறாம் தேதி ராத்திரி கோடை மழையில் நனைந்து கிடந்து காலையில் உயிர் இல்லை, வெயில் தாங்காதென்று ஊரே அடக்கம் செய்துவிட்டது, பதினாறாம் நாள் காரியத்தையாவது தம்பி வந்து செய்ய வேண்டும்.

கரி தடவிய கார்டைப் படித்தவுடன் கிழித்துப்போட்டுத் தலை முழுக வேண்டும். முழுகினால் சாவு வீடு. சாவு வீடென்றால் ஒரு வருஷத்துக்குக் கிரகப்பிரவேசமும் இல்லை, நிச்சயமும் இல்லை. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்க வேறு வேலை இல்லாதவர்களா? அழகிரி கார்டைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கட்டுப் பிரிக்காத பார்சலுக்கு டெலிவரி எடுத்ததாக அர்த்தமில்லை. கடைவீதிச் சட்டம் அது. குழலி கல்யாணம் முடியட்டும், பிறகு பிரித்துக்கொள்ளலாம். பதினாறாம் நாள் வந்தது, போனது. அன்று அவர் கடையில் கதவுக் கீல் விற்றுக்கொண்டிருந்தார்.

“பாக்கியநாதா, இந்த ஏழாம் நம்பர் என்னைக்கு வார்த்தது?”

பாக்கியநாதன் பாக்கெட் நோட்டைப் புரட்டினான். “சித்திரை இருபத்தெட்டு சார். மழைக்கு மறுநாள் விட்டு அடுத்த நாள்.” காலடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “ஓ, இதுவா? உங்க அக்காதான் சார். அன்னைக்குப் பட்டறைக்கு வந்தாங்க. நான் கலவைகிட்ட நின்னேன். ‘ரூம் வார்த்தாச்சா?’ன்னு கேட்டாங்க. பின் ரூம் இல்லங்கம்மா, இது ஹால் சுவருன்னேன். ‘சரி, இதுலயே இருந்துக்கறேன்’னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மிதிச்சிருக்காங்க, நான் கவனிக்கல.”

“நீ பார்த்தியா? உன் கண்ணால?”

“ஏன் சார், என்ன இப்படிக் கேக்கறீங்க? நல்ல வெயில். அவங்க சேலை மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. காவேரியில குளிச்சிட்டு அப்படியே வந்துட்டாங்க போலன்னு நெனச்சேன்.”

சட்டைப்பையில் கார்டு நெஞ்சோடு ஒட்டியது. வேர்வையாகத்தான் இருக்கும்.

“பலகையை மாத்து.”

“மாத்தலாம் சார். வார்த்து, காய வெச்சுக் கொண்டாற இருபது நாளு. உங்க முகூர்த்தம் இருபத்தேழாம் தேதி. இன்னைக்கே இருபது.”

பேரம் பேச வழியில்லாத விலை. அழகிரி தலையாட்டினார்.

ஏழாம் நம்பர் ஹாலின் பின்சுவராக நின்றது. அதற்கு அந்தப்பக்கம், வரவேண்டிய அறை வராத வெற்றுமண். காலடிகள் இந்தப்பக்கம், ஹாலுக்குள், தரையை ஒட்டித் தொடங்கின. சுவரேறி விளிம்பில் பாதிப் பாதத்தோடு நின்றன. குதிகால் மட்டும் பலகையில். விரல்கள் இல்லை.

மறுநாள் மதியம் கூரைப் பலகை ஏறியது. எட்டுப் பேர் சங்கிலி இழுக்க, அது ஆடி ஆடி வந்து, அதுவரை நின்ற மூன்று சுவரின் தலையிலும் ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தது. வெளியே கூட்டம் கைதட்டியது. உள்ளே சட்டென்று நிழல். வெயிலில் வெந்த சிமெண்டின் வாசனை, சங்கிலி மசியின் வாசனை, அவற்றுக்கு அடியில், தேடினால் மட்டும் கிடைக்கிற மாதிரி, விளக்கெண்ணெய். அழகிரி அண்ணாந்து பார்த்தார்.

சுவர் விளிம்பில் நின்ற குதிகாலுக்கு உரிய விரல்கள் கூரையில் இருந்தன. வேறொரு நாள், வேறொரு தளத்தில் வார்த்த பலகை அது. இணைப்பில் பாதம் பொருந்திப்போயிருந்தது. அங்கிருந்து வரிசை கூரையின் குறுக்கே, தலைகீழாக, அடியோடு அடி ஒட்டி முன்பக்கம் நோக்கி நடந்தது.

பாக்கியநாதனும் பார்த்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

“சார்... இது பலகையோட அடிப்பக்கம்.”

“அதனால?”

“வார்க்கும்போது இந்தப் பக்கம் தகர அச்சுல ஒட்டிக் கெடக்கும் சார். மேல அரை அடிச் சிமெண்டு. மனுஷன் கால் வைக்கவே முடியாத பக்கம்.” ஜெபமாலையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து வெளியே விட்டுக்கொண்டான். “தகரம் நெளிஞ்சிருக்கும். அதான். தகரம்தான்.”

சாப்பாட்டுத் தூக்கோடு மனைவி சந்திரம்மாளும் குழலியும் ஜட்காவில் வந்து இறங்கினார்கள். சந்திரம்மாள் வாசலில் நின்று முகப்பை ஒரு தடவை, ரோட்டில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்தாள்.

“அண்ணிக்கு எழுதிட்டீங்களா? நாத்தனார்தான் மொத விளக்கைக் கொண்டுபோகணும். ஒருநாள் முன்னாடியே வரச் சொல்லுங்க. பாவம், ரூம் இல்லன்னு மனசுல வச்சிருப்பாங்க.”

“எழுதியாச்சு.”

“என்ன பதில் போட்டாங்க?”

“வரேன்னு.” அந்தச் சொல் வாயிலிருந்து போன வேகம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மட்டமான சரக்கை முதல்தரம் என்று சொல்லும்போது வருகிற அதே வழவழப்பு.

குழலி பின்சுவரருகில் குந்தியிருந்தாள். “அப்பா, இங்க பாருங்களேன், அத்தை கால் மாதிரியே!” தன் செருப்பைக் கழற்றி, மருதாணி இட்ட பாதத்தைத் தூக்கி, சுவரின் அடியில் இருந்த முதல் அச்சில் பொருத்தினாள். “அளவு சரியா இருக்குப்பா.”

“காலை எடு!”

அவர் கத்திய கத்தலில் கூலியாட்கள் சங்கிலியை விட்டுவிட்டார்கள். குழலி பயந்து எழுந்துகொண்டாள். பள்ளத்தில் அவள் பாதம் பட்ட இடம் ஈரமாக இருந்தது.

சாயந்தரம் பன்னிரண்டாம் நம்பர் நின்றது. தெருக்கதவு வைத்த முன்சுவர். கூரையைக் கடந்து வந்த அடிகள் அதில் தலைகீழாக இறங்கின. விரல் தரையைப் பார்த்தபடி. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது, கதவு நிலையின் நெற்றிக்கு ஒரு முழம் மேலே. அதோடு வரிசை நின்றது.

அடுத்த நாள் கொத்தனாரை வைத்து எல்லாப் பள்ளங்களையும் பூசச் சொன்னார். பூசினான், தேய்த்தான், சுவர் கண்ணாடியாக ஆயிற்று. அழகிரி ஒரு இளநீர் வாங்கிக் குடித்தார். அதற்கு மறுநாள் காலை வந்து கதவைத் திறந்தால் தரை முழுக்கச் சிமெண்டுச் செருப்புகள் கிடந்தன. பூசிய பூச்சு உடையாமல், நொறுங்காமல், பாதம் பாதமாகக் கழன்று விழுந்திருந்தது. வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனவர்கள் விட்ட மாதிரி, ஜோடி ஜோடியாக. எல்லாம் வாசலைப் பார்த்து.

ஒரு சாக்கில் அள்ளிக் கட்டினார். யாரும் வருவதற்குள்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயந்தரம் வெள்ளையடித்தவர்கள் போனபின் ஹாலில் தனியாக நின்றார். மேற்கே சரிந்த வெயில் ஜன்னல் ஓட்டை வழியே வந்து பின்சுவரில் விழுந்திருந்தது. சுண்ணாம்புக்கு மேலேயும் பள்ளங்கள் தெரிந்தன. கடைவீதியில் எத்தனையோ பிடிவாதக்காரர்களை வழிக்குக் கொண்டுவந்தவர் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அக்கா. நாளைக்கு ஒருநாள். ஒரு காலைப்பொழுது. அவங்க வந்து தட்டு மாத்திட்டுப் போகட்டும். அப்புறம் நான் மருங்காபுரி வந்து எல்லாம் செய்யறேன். மொட்டை போடறேன். அன்னதானம் போடறேன்.”

வீடு கேட்டுக்கொண்டிருந்தது.

“பின்னாடி ரூமும் கட்டறேன். எட்டுக்கு ஆறு என்ன, பத்துக்குப் பத்து. சொல்லு.”

காத்திருந்தார். பேரத்தில் முதலில் பேசுகிறவன் தோற்றான், அதனால் காத்திருந்தார். எங்கோ ஒரு போல்ட் வெயில் இறங்கிச் சுருங்கும் சத்தம். ‘டிக்.’ சிறிது விட்டு, மேலே, இன்னொன்று. அதற்கப்புறம் சத்தம் சுருங்கும் இரும்பினுடையதாக இல்லை. குதிகால், விரல். குதிகால், விரல். ஈரப் பாதம் சிமெண்டில் ஒட்டிப் பிரியும் சத்தம்.

அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. குனிந்தே வாசலுக்கு நடந்தார். கதவைப் பூட்ட நிலையைத் தாண்டும்போது மட்டும் கண் மேலே போனது. நிலைக்கு ஒரு முழம் மேலே நின்ற அடி இப்போது நிலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இருபத்தேழாம் தேதி. கிரகப்பிரவேசமும் நிச்சயமும் ஒன்றாக, முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. முகப்பில் வாழைமரம், மாவிலைத் தோரணம். ஸ்ரீரங்கத்துக் கார் வந்து முகப்புக்குள் கச்சிதமாக நின்றது. இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா ரெங்கம்மாள் தூணைத் தட்டிப் பார்த்து, “கெட்டியாத்தான் இருக்கு சம்பந்தி. மாட்டுன வீடுன்னாங்களேன்னு பார்த்தேன்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அழகிரியும் சிரித்தார். பையில் கார்டு. சட்டை மாற்றும்போது அதை எடுத்து வைத்துவிடத்தான் நினைத்தார். வீட்டில் வைத்துவிட்டு வந்தால் யாராவது எடுத்துவிடுவார்களே.

கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு விலகவில்லை. சந்திரம்மாள் குத்துவிளக்கை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நாத்தனார் எங்க?” என்றாள் ரெங்கம்மாள்.

“வந்துக்கிட்டிருக்காங்க.”

“வரட்டும். இருக்கறவங்களை விட்டுட்டு வேற ஆளு விளக்கெடுத்தா எங்க பக்கம் ஒத்துக்க மாட்டோம். நல்லாத்தானே இருக்காங்க?”

ஆறே முக்கால். ஏழு. ஏழேகால். புரோகிதர் இரண்டு தடவை கனைத்துவிட்டார். ரெங்கம்மாள் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அழகிரிக்குத் தெரியும். கடை மாறலாமா என்று யோசிக்கிற பார்வை.

“சம்பந்தி, ஒளிவு மறைவு வேண்டாம். அந்தம்மாவுக்கு ஏதாவது ஆகிப்போச்சா?”

சொல்லிவிடலாம். இரண்டே சொல். எல்லாம் போகும், ஆனால் அதோடு போகும். நாக்கின் நுனிவரை வந்தது.

“ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. அக்கா நல்லா இருக்காங்க. இந்த விளக்கு சாட்சி. இந்தா, இப்ப வந்துடுவாங்க.”

சுடர் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது.

உள்ளிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல். கேட்டதுக்கும் கீழேயே ஒத்துக்கொள்கிற குரல்.

“வந்துட்டேன் தம்பி.”

“அட, அண்ணி!” சந்திரம்மாளின் முகம் மலர்ந்தது. “பின்பக்கமா வந்துட்டீங்களா? இங்க வாங்க, விளக்கை வாங்கிக்குங்க!”

வீட்டுக்குப் பின்பக்கக் கதவே கிடையாது. பின்னறையோடு அதையும் அடித்துவிட்டார்கள்.

“எனக்குக் கால் ஈரமா இருக்கு” என்றது குரல். “குழலி எடுத்துக்கிட்டு வரட்டும். என் ரூமைக் காட்டறேன்.”

ரெங்கம்மாள் திருப்தியாகத் தலையாட்டினாள். “நாத்தனார் சொன்னாச் சரிதான். போம்மா.”

குழலி விளக்கை வாங்கிக்கொண்டாள். வாசற்படியில் வலது காலை வைத்தாள்.

விளக்கெண்ணெய். மூக்கை அடைக்கிற விளக்கெண்ணெய்.

நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஏன் என்பார்கள். அக்கா செத்துப்போயிட்டா. அவ்வளவுதான். வாயைத் திறந்தார். பக்கத்தில் ரெங்கம்மாள். பின்னால் கார். தட்டில் பழம், பூ, பட்டு. ஒரு மூச்சு. இன்னும் ஒரு மூச்சு மட்டும் பொறுத்துப் பார்த்தார், எதிராளி இறங்கி வருவானா என்று கடைசி நிமிஷத்தில் பொறுத்துப் பார்க்கிற பழக்கத்தில்.

குழலி உள்ளே போய்விட்டாள்.

அழகிரி பாய்ந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கார்டை இழுத்தெடுத்தார். கிழித்தார். இரண்டாக. நாலாக. “செத்துப்போயிட்டா... குழலி, வந்துடும்மா, அத்தை செத்துப்போயிட்டா...” சொன்னாரா, சொன்னதாக நினைத்தாரா தெரியவில்லை. பின்னால் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

ஹாலின் கோடியில் குழலி பின்சுவரை அடைந்திருந்தாள். தரையில் அவள் நடந்துபோன ஈரத் தடம். குதிகாலோடு விரல் ஒட்டி. இடது காலில் நாலு விரல்.

“ஏழு” என்றாள். “எட்டு.”

அடுத்த அடியைச் சுவரில் வைத்தாள்.

அடுத்தது, அதற்கு மேல். அடுத்தது, அதற்கும் மேல். அவசரமில்லாமல். பாதம் ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது.

“என்ன சம்பந்தி, வாசல்லயே நின்னா எப்படி?” முதுகுக்குப் பின்னால் ரெங்கம்மாள் சிரித்தாள். “எங்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்க.”

அவர் நகரவில்லை. கூரையின் நடுவே குழலி வந்துகொண்டிருந்தாள். மல்லிகை வைத்த பின்னல் தரையை நோக்கித் தொங்கியது. கையில் விளக்கு, சுடர் தலைகீழாக, கீழ்நோக்கி, அசையாமல் எரிந்தது. கிண்ணத்து எண்ணெய் கவிழவில்லை. ஒரு சொட்டு மட்டும் கழன்று வந்து அழகிரியின் நெற்றியில் விழுந்தது.

ஜில்லென்று, மழைநீர் மாதிரி.